மன்றமும் வாரியமும்

தாராபுரம் வட்டாரத்துக் கிராமங்கள் சில ஆண்டுகளுக்குள் இருவகைக் குறைபாட்டையும் கண்டுவிட்டன. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். கிராம சபைகள் கூடின; ஆனால் அவற்றின் தீர்மானங்களை ஏற்று நடத்தவும், தவறினால் வாக்காளர்களுக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்ட பிரதிநிதிகள் இல்லை. 2020 ஜனவரியில் பிரதிநிதிகள் வந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியடிகள் பிறந்த தினத்திலேயே, கொள்ளை நோயைக் காரணங்காட்டிக் கிராம சபைகள் ரத்து செய்யப்பட்டன. முன்னதில் மன்றம் இருந்தது, வாரியம் இல்லை. பின்னதில் வாரியம் இருந்தது, மன்றம் இல்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபொழுது பழைய கதையே திரும்பிற்று.

இவ்விரண்டில் ஒன்றே போதும் என்று வாதிப்போர் நம்மிடையே இருக்கின்றனர். கைத்தொலைபேசியிலேயே ஒரு நாழிகைக்குள் ஆயிரம் பேருடைய அபிப்பிராயத்தைத் திரட்டிவிடலாம். இடையில் பிரதிநிதிகள் எதற்கு என்பது ஒரு சாரார் கட்சி. கும்பல் கூச்சலிடுமேயன்றி யோசனை செய்யாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துவிட்டு ஜனங்கள் சும்மா இருப்பதே நலம் என்பது மற்றொரு சாரார் கட்சி. இரண்டும் பாதி உண்மை. ஆகவே இரண்டும் அபாயமானவை என்றே நாம் கருதுகிறோம்.

நமது விவசாயிகள் நன்கறிந்த வாய்க்கால் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழுள்ள சுமார் மூன்றே முக்கால் லட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் பெறுகிறது. எந்த மடை எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்பதைக் கரைமீது கூடும் ஜனத்திரள் தீர்மானிக்க முடியுமா? முந்தி வந்தவனும் உரக்கக் கத்தியவனும் பாய்ச்சிக்கொள்வார்கள். கடைமடைக்காரன் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பான். முறையைக் காப்பது ஒழுங்குடைய ஸ்தாபனமே.

எனினும் ஸ்தாபனத்தின் காதுக்கு எட்டாதவை உண்டு. 2022ஆம் ஆண்டில் ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரம் பகுதிக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்தை எதிர்த்துப் பாசன விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். தங்கள் முறைத் தண்ணீர் குறையுமே என்ற கவலையை வீதிக்கு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. அதே சமயத்தில், தாகத்தோடிருந்த ஒட்டன்சத்திரத்துத் தாய்மார்கள் அவ்வீதியில் இல்லை என்பதையும் மறத்தலாகாது. கூடிய கூட்டம் எவ்வளவு பெரிதாயினும், அதில் வராதவர்களும் ஜனங்களே. இரு தரப்பாரையும் ஒருங்கே உட்காரவைத்துக் கேட்பதற்கு இடமின்மையே குறை.

இதற்கு வழி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சபையையும் வாரியங்களையும் ஒருங்கே கூறுகின்றன. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையால் அமைந்தன, பதவிக்காலம் ஓராண்டே, கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் பதவிக்குத் தகுதியிழந்தனர். வாரியம் காரியம் பார்த்தது. அதற்கு மேல் சபை நின்றது. நிலமுடைய வேதியர்க்கே அந்தத் தகுதி இருந்தது, உழுதவனுக்கும் பெண்டிருக்கும் இடமில்லை என்பதை மறைத்துப் பழம்பெருமை பேச நாம் விரும்பவில்லை. முறையைக் கொள்வோம், வேலியைத் தள்ளுவோம்.

சுதந்திர இந்தியாவும் இதை உணராமலில்லை. 1948 நவம்பரில் ஸ்ரீ கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1993இல் அமுலுக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் சட்ட அந்தஸ்து அளித்தது. குறை சட்டத்திலன்று, அனுஷ்டானத்திலேயே இருக்கிறது.

ஆகையால் நாம் வற்புறுத்துவன மூன்று. விஷயத்தைக் கிளப்பும் உரிமையும் ஆராயும் உரிமையும் சபையில் எல்லோருக்கும் இருக்கட்டும். குத்தகைக்காரனும் கூலியாளும் பெண்களும் பட்டாதாரருக்கு ஈடாக அங்கே பேசட்டும். முடிவு செய்யும் பொறுப்பு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் குறித்த காலக்கெடுவுடன் இருக்கட்டும். சபையின் அபிப்பிராயத்துக்கு மாறாக முடிவு செய்தால், அடுத்த சபையிலேயே அதற்குரிய காரணத்தை எழுத்து மூலம் படித்துக்காட்டட்டும். இதனால் பிரதிநிதிகளின் கை கட்டப்படும் என்று சிலர் அஞ்சலாம். கை கட்டப்படவில்லை, வாய் திறக்கும்படி செய்யப்படுகிறது, அவ்வளவே.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுக்கூட்டத்தில் கைதட்டு வாங்குவது எளிது. அடுத்த கிராம சபையில் சென்ற தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்று வரிவரியாக வினவுவது கடினம். அக்கடினமான வேலையை யார் செய்யப் போகிறீர்கள்?