மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

எங்கள் அக்காவுக்கு வயது 72. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எஸ்டேட்டில் கொளுந்து கிள்ளி மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். 15 வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு. எஸ்டேட் ஆஸ்பத்திரி மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தாள்.

போன வருஷம் கீழே சமவெளியில் ஒரு சுகமளிக்கும் கூட்டம். லயன் வீட்டுப் பெண்களெல்லாம் சேர்ந்து வேன் பிடித்து, 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனார்கள். மாத்திரையை நம்புகிறவர்கள் கர்த்தரை முழுசாக நம்பவில்லை என்று மேடையில் பேசியவர் சொன்னாராம். திரும்பி வந்தவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டில் மட்டும்தான் மருந்து. நாலாம் மாசம் காலில் புண். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "தம்பி, எனக்கு விசுவாசம் பத்தலடா" என்றாள்.

தேவனைச் சார்ந்திருக்கச் சொல்வது ஊழியக்காரரின் வேலை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நானும் சபைக்குப் போகிறவன்தான். ஆனால் சுகம் வந்தால் மேடைக்குப் புகழ், வராவிட்டால் நோயாளியின் விசுவாசக் குறைவு என்பது என்ன கணக்கு? இந்தக் கணக்கில் தேவன் எங்கே இருக்கிறார்?

நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். தோனாவூர் ஆமி கார்மைக்கேல் அம்மாவின் பெயரைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் தோனாவூரில் திக்கற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். அத்தனை வாய்க்குச் சோறு போட்டும், பணம் கொடுங்கள் என்று யாரிடமும் விண்ணப்பம் வைப்பதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்தார். தேவையைத் தேவனிடம் சொன்னார், அவ்வளவுதான். அதே அம்மாதான் தோனாவூரில் ஆஸ்பத்திரியும் கட்டினார். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அவருக்குத் தோன்றவில்லை.

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் படுக்கையும் அறையும்தான். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! பழையபடி நடமாட முடியவில்லை. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எந்த மேடைக்காரராவது சொல்லட்டும் பார்ப்போம். அந்தப் படுக்கையிலிருந்தே நோயாளிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் மனசில் ஒட்டவில்லை என்பதால், நோயாளியே நோயாளிக்கு எழுதிய கடிதங்கள் அவை. தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அங்கே இருப்பது பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி.

வேதத்தைத்தான் எடுத்துப் பாருங்களேன். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. பவுல் தன் முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. அவரோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

என் சின்ன வயதில் எங்கள் டிவிஷனில் ஒரு உபதேசியார் இருந்தார். யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரியிலும் வந்து முழங்கால்போட்டு ஜெபிப்பார். 'ஆமென்' சொன்ன கையோடு, "கம்பளியை எடுங்க, டிஸ்பென்சரிக்குப் போவோம்" என்பார். தோளில் ஒரு பக்கம் அவரே தாங்குவார். மாசாமாசம் பங்காளர் காணிக்கை என்று கார்டு நீட்டியதில்லை. அவர் மாற்றலாகிப் போனபிறகும் எங்கள் ஜனங்களுக்கு ஜெபிக்கத் தெரிந்திருந்தது. அதுதான் தேவனைச் சார்ந்திருக்கக் கற்றுக்கொடுப்பது. தன்னையும் தன் எண்ணெயையும் சார்ந்திருக்க வைப்பதற்கு வேறு பெயர்.

நம் ஊர் ஐயர்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சும்மா இருந்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கும்போது, "டாக்டர் கொடுத்த மருந்தை யாரும் நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்து வாசியுங்கள். என் அக்கா முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள்.