நெருங்கிப் படம் எடுக்க எந்த லென்ஸ்?

பீரோவில் தூங்கிய பழைய பிலிம் காமிராவை நம் பிள்ளைகள் மறுபடியும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். லேக் கார்டன்ஸிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் ரவீந்திர சரோவர். பூவுக்கும் பூச்சிக்கும் பஞ்சமில்லை. அடுத்த விண்ணப்பம், "மாக்ரோ லென்ஸ் வாங்கிக் கொடுங்கப்பா" என்பதுதான். பூவுக்கும் பூச்சிக்கும் அது வேண்டாம், தாத்தாவின் கடிதங்களுக்குத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

காமிராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் பொதுவாக ஒன்றரை அடிக்குக் கிட்டே போகாது. அந்தத் தூரத்தில் ஒரு நோட்டுப் பக்கம் அளவு இடம் படத்தில் விழும். தட்டான் அதில் ஒரு கீற்று. லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வளையத்தை மாட்டினால் கிட்டே போகலாம். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று, விலையும் குறைவு. 25 மி.மீ. வளையம் போட்டால் பொருள் பாதி அளவில் பிலிமில் பதியும், 50 மி.மீ. போட்டால் முழு அளவில். அதற்குக் கூலி வெளிச்சம். முழு அளவில் எடுக்கும்போது நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் பிலிமைச் சேரும். எஃப் 16 வைத்தாலும் சுமார் 2 மி.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். ஆகவே லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல முக்காலியும் கேபிள் ரிலீசும் வாங்குங்கள். பனிக்காலத்து விடியலில் பூச்சியும் குளிரில் அசையாது.

லென்ஸின் முகப்பில் திருகும் குளோஸ்-அப் கண்ணாடி இன்னும் மலிவு, வெளிச்சமும் குறையாது. ஓரங்கள் சற்று மங்கும். பூவுக்கு அது குற்றமில்லை.

விலை உயர்ந்த சாமான்தான் படம் எடுக்கும் என்பவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளட்டும். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிய தமிழர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார்!

கடிதங்கள் வேறு விஷயம். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழுந்தால் கடைசி வரி போயிற்று. தட்டையான தாளை மூலைவரை ஒரே சீராகப் பதிப்பதற்கென்றே மாக்ரோ லென்ஸ் திருத்தி அமைக்கப்படுகிறது. நிக்கான் கம்பெனி 1956-இல் முதல் மைக்ரோ நிக்கோரைக் கொண்டுவந்ததே, நுணுக்கமான ஜப்பானிய எழுத்தை மைக்ரோபிலிமில் எடுக்கத்தான். நமக்கும் சுழியும் புள்ளியும் இருக்கின்றன. புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். செல்போனில் எடுத்தால் போதாதா என்பார்கள். அதிலும் எடுங்கள். ஆனால் ஒழுங்காகக் கழுவி வைத்த கறுப்பு வெள்ளை நெகடிவைப் பேரன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தே படித்துவிடுவான். இன்லண்டு லெட்டரின் மை அதுவரை காத்திருக்காது.

வீட்டுக்கு ஒரு மாக்ரோ லென்ஸ் வேண்டியதில்லை. நம் சங்கம் பழையதாக ஒன்றும், காமிராவைக் கவிழ்த்து நிறுத்த ஒரு ஸ்டாண்டும் வாங்கினால், குடும்பங்கள் முறைபோட்டுக் கடிதங்களை எடுத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் சாய்வாக விளக்கு வேண்டும். கடிதம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் தெரியும்படி காமிராவைச் சரிசெய்தால் கோணல் வராது. வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இல்லையென்று பார்க்க வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் தோல் உறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைப்பது நல்லது.