விலை கொடுத்த பாட்டுக்குச் சாவி யாரிடம்?

விருதுநகர் வியாபாரி சரக்கு வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதில்லை. வாங்கிய சரக்கு தன் கிடங்குக்கு வந்து சேருமா என்பதையும் பார்ப்பார். இன்று இணையத்தில் பாட்டு வாங்குவோருக்கும் இந்த யோசனை அவசியம்.

பிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் 'ஃபிளைட்' என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. 2013 ஜூனில் மூடிவிட்டது. கூகிளின் பாட்டுக் கடையும் 2020-ல் கதவடைத்தது. கடை போனால் பாட்டும் போய்விடுமா?

போகவேண்டியதில்லை. ஃபிளைட் விற்றவை பூட்டில்லாத எம்.பி.3 கோப்புகள். உரிய காலத்தில் இறக்கி வைத்துக்கொண்டவருக்கு நஷ்டமில்லை. 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையும், 2009-லேயே பாட்டுக்களின் பூட்டை நீக்கியிருந்தது. மாதச் சந்தாவோ வாடகை வீடு போன்றது. வாடகை நின்றால் வெளியேற வேண்டியதுதான்.

சிவகாசியில் வாரக் கூலி வாங்கும் பட்டாசுத் தொழிலாளிக்கு, சில்லறைக் காசுக்கு மெமரி கார்டு நிறையத் திருட்டுப் பாட்டு ஏற்றிக்கொள்வது மலிவாகத் தோன்றலாம். ஆனால், 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி அவ்விதம் விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மேலும், அந்தக் காசில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தம்பிடியும் சேராது. கூலியின் அருமை அறிந்த ஊர், இன்னொருவர் கூலியை மறுக்கலாமா?

ஆகவே, பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேட்பது நலம்: கோப்பு கைக்கு வருமா? வேறு கருவியிலும் அது பாடுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லும் கடையே நல்ல கடை.