தறி தயார், கோரை எங்கே?



எங்கள் பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். தறி தயார், நெய்பவரும் தயார். கோரை மட்டும் வந்து சேரவில்லை என்றால்? முகூர்த்தத்துக்குப் பாய் கிடைக்காது! நம் நாட்டு விமானத் தொழிற்சாலைக்கும் இதே சங்கடம்தான்.

1940-இல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் உதவியுடன் பெங்களூரில் அதைத் தொடங்கினார். அதுவே இன்றைய எச்.ஏ.எல். நிறுவனம். அங்கே உருவான 'மாருத்' போர் விமானம் 1961-இல் பறந்தது. ஆனால் ஏற்ற எஞ்சின் கிடைக்காததால், எதிர்பார்த்த வேகம் வரவில்லை.

பிறகு வந்தது 'தேஜஸ்'. 2018-இல் கோவை அருகே சூலூருக்கும் வந்துவிட்டது. அதன் புதிய ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021-இலும், மேலும் 97 விமானங்களுக்கு 2025 செப்டம்பரிலும் அரசு ஒப்பந்தம் செய்தது. இரண்டாவது ஒப்பந்தம் மட்டும் 62,370 கோடி ரூபாய்!

ஆனால் 2024-இல் தொடங்க வேண்டிய ஒப்படைப்பு தள்ளிப்போனது. முக்கியக் காரணம், எஞ்சின். அமெரிக்க நிறுவனம் தரவேண்டிய 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. இதற்கிடையே, 2025 செப்டம்பரில் பழைய மிக்-21 விமானங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. விமானப் படைக்கு விமானங்கள் குறைந்தன.

எஞ்சினை நாமே செய்யலாமே என்கிறீர்களா? 1980-களில் தொடங்கிய 'காவேரி' எஞ்சின் திட்டம் அதற்காகத்தான். தேஜஸுக்குத் தேவையான வலு அதில் வரவில்லை. எஞ்சினுக்குள் உலோகமே உருகிவிடும் வெப்பம்! அதைத் தாங்கும் தகடுகளைச் செய்வது மிகக் கடினம்.

கோரை கைவசம் இருந்தால்தான் பாய்க்கு நாள் குறிக்கலாம். சரிதானே?