ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், நகர்த்துங்கள்

ஐந்து வருடங்களாக நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் சரியாகப் பதிவாகவில்லை, கொழகொழவென்று இருக்கிறது, அந்தக் கால ஸ்டுடியோக்களால் அவ்வளவுதான் முடிந்தது என்று. நண்பர்கள் கூடும்போதெல்லாம் நிபுணன் தோரணையில் சொல்வேன். யாரும் மறுத்ததில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்டது.

ஒருநாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். ஷோகேஸில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் எடுத்து, ஹாலின் நடுப்பக்கமாக இரண்டு ஸ்டூல்கள்மேல் வைத்தேன். வேலை நடக்கட்டும் என்று ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போட்டேன். அதுவரை ஒரே முனகலாக இருந்த பேஸ் கிடார் தனித்தனி ஸ்வரங்களாக நடந்துவந்தது. எங்கே தந்தியை அமுக்கிறார், எங்கே விடுகிறார் என்பதுவரை கேட்டது. எனக்கு அவமானமாகிவிட்டது. வாசித்தவர் ஒழுங்காக வாசித்திருக்கிறார். பதிவு செய்தவரும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். கெடுத்தது என் ஷோகேஸ்.

இந்தக் கொழகொழப்பைச் சரிசெய்ய நான் முன்பே ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஹால் எவ்வளவு பெரிது, ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. எட்டாயிரம் ரூபாய்க்கு கேபிள் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல ஒலி வேண்டுமென்றால் இன்னும் செலவு செய், முடியாதென்றால் உன் காதுக்கு இது போதும். அந்தச் சந்தை நமக்குக் கற்றுத்தருவது இதைத்தான். என் சண்டை இதோடுதான்.

கணக்கு எளிமையானது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. என் ஹாலின் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். அரை அலைநீளம் அந்த நீளத்துக்குச் சமமாகும்போது அலை இரண்டு சுவர்களுக்கிடையே மாட்டிக்கொள்கிறது. அது 47 ஹெர்ட்ஸில் நடக்கும். அகலம் 10 அடி என்பதால் 56 ஹெர்ட்ஸில் இன்னொன்று. பேஸ் கிடாரின் அடித்தந்தி தொடங்குவதே 41 ஹெர்ட்ஸில். ஆகவே அந்தத் தந்தியில் சில ஸ்வரங்களை மட்டும் என் ஹால் தூக்கிப்பிடித்து, நின்ற பிறகும் விடாமல் இழுக்கிறது. ஸ்பீக்கரை மூலையில் தள்ளி, சோஃபாவையும் சுவரோடு ஒட்டிப் போட்டால் இந்த இழுவை உச்சத்தில் கேட்கும். எந்தக் கேபிளுக்கும் இதில் வேலை இல்லை.

எவ்வளவு தள்ளி வைப்பது? மந்திர எண் எதுவும் இல்லை. பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் இழுத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலியோடு மோதி அதைத் தின்றுவிடும். அரை அடி நகர்த்து, அதே பாட்டைக் கேள். மறுபடி நகர்த்து. ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். நீயும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய சம முக்கோணமாக இரு. செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அடுத்தது அதிர்வு. பாட்டு ஓடும்போது ஷோகேஸ் பலகையில் கையை வைத்துப் பாருங்கள். அது தானும் பாடிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கதவு இருந்தால் கூடவே தாளமும் போடும். இதற்குத் தீர்வாகக் கூர்முனை ஸ்பைக் விற்கிறார்கள். கம்பளம் விரித்த வீடுகளில் கம்பளத்தைத் துளைத்துத் தரையில் உறுதியாக நிற்க அது உதவும். நம் வீட்டில் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். ஆறு கிலோ ஸ்பீக்கர் அதை எங்கே ஆட்டப்போகிறது? மிஞ்சுவது டைல்ஸில் கீறல்.

ரப்பர் பாதமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள் இல்லை. கல்லூரியில் வைப்ரேஷன்ஸ் பேப்பரில் படித்த ஒரே ஒரு விஷயம் எனக்கு வாழ்க்கையில் உதவியது இங்கேதான். ஸ்பிரிங்மேல் வைத்த எடைக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலேதான் அதிர்வு தடுக்கப்படும். அதற்குக் கீழே குறையாது, சில இடத்தில் கூடவே செய்யும். லேசான ஸ்பீக்கருக்கடியில் கல் மாதிரி ரப்பர் வைத்தால் அந்த அதிர்வெண் மேலே போய்விடும், பேஸ் தடையின்றி இறங்கும். எடையில் கொஞ்சம் அமுங்குகிற, ஆனால் நசுங்கிப்போகாத ஸ்பாஞ்ச் போதும்.

அறை ஒலியியல் என்ற துறையே மெத்தையில் தொடங்கியதுதான். 1895ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு எதிரொலித்துப் புரியாமல் போனது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். நம் வீட்டில் திரைச்சீலையும் துணி சோஃபாவும் புத்தக அலமாரியும் ஏற்கெனவே இருக்கின்றன. பேஸை அவை பெரிதாகத் தொடாது, ஆனால் கைதட்டினால் கணீரென்று திரும்பும் ஹாலை நிச்சயம் அடக்கும்.

“வாடகை வீடு, சின்ன ஹால், நடக்க வழி வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான், என் அம்மாவும் அதையேதான் கேட்டார். தரையில் நான்கு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். கேட்கும்போது ஸ்பீக்கர் அங்கே வரும், முடிந்ததும் சுவரோரம் போகும். மோசமான ஸ்பீக்கர் நகர்த்தினால் நல்லதாகிவிடும் என்றும் சொல்லவில்லை. காசு சேர்த்து நல்லது வாங்குங்கள். ஆனால் அதையும் கொண்டுபோய் ஷோகேஸில் சொருகினால் பழைய முனகலைத்தான் கூடுதல் விலைக்குக் கேட்பீர்கள்.

அந்த பேஸ் கிடார்க்காரரைப் பற்றி ஐந்து வருடம் தப்பாகப் பேசியதை என்னால் திருப்பி எடுக்க முடியாது. அன்று தலையாட்டிய நண்பர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு, அதே பாட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று பேர் பாக்கி.