நட்டவர்க்கு நிலம் எங்கே?

யூதர்கள் செபாத் திங்கள் 15ஆம் நாளை மரங்களின் புத்தாண்டாகக் கொண்டாடிக் கன்றுகள் நடுகின்றனர். பழமரத்தின் வயதைக் கணக்கிட எழுந்த நாள் அது.

நம் நாட்டிலோ? பேராதனைப் பூங்காவில், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் இன்றும் அவர் பெயரால் சுட்டப்படுகிறது. ஒரு கன்றுக்கு அத்துணைச் சிறப்பு! 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை தொடங்கியது முதல், கண்டி மலைகளில் எண்ணற்ற கன்றுகள் நட்ட தமிழர் பெற்ற பரிசு யாது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரைக் குடிகளாக்கிற்று. காணியுறுதியோ பெரும்பாலோர்க்கு இன்றும் இல்லை.

பிறர் நிலத்தில் இசைவோடு மரம் நட்டவர்க்குப் பங்குண்டு என்பது யாழ்ப்பாணத் தேசவழமை. மலையகத்தில் மட்டும் நட்டவர் அந்நியரோ? நாம் கேட்பது சலுகையன்று. நட்ட மண்ணில் உரிமை!