குறுக்குவழியைக் கொப்பி பண்ணினால் கோப்பு வராது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த டைப்செட்டிங் கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த பழைய கணினியை நாங்கள் கேட்டு வாங்கினோம். விண்டோஸ் 98 ஓடும் பெட்டி. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய புளொப்பிகள். "தம்பியவை, நீங்கள் தேடுற சஞ்சிகை முழுக்க உதுக்குள்ளதான் கிடக்கு" என்றார் கடைக்கார அண்ணா. கொட்டாஞ்சேனையில் சில இளைஞர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் நடத்தி, ஐந்து இதழோடு நின்றுபோன சிற்றிதழ் அது.

கணினியைப் போட்டதும் டெஸ்க்டொப் நிறைய ஐகன்கள். ஒவ்வோர் இதழுக்கும் ஒன்று. எங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கிளிக் பண்ணினால் ஒரு சின்ன டோர்ச் லைட் அங்குமிங்கும் ஆடித் தேடியது. பிறகு கோப்பைக் காணவில்லை என்றது. உற்றுப் பார்த்தபோதுதான் ஒவ்வோர் ஐகனின் இடதுகீழ் மூலையிலும் வளைந்த அம்புக்குறி தெரிந்தது. எல்லாமே குறுக்குவழிகள், ஷோர்ட்கட்கள். புளொப்பிகளிலும் அதே கதைதான். 1.44 மெகாபைட் கொள்ளும் தட்டில் ஒரு கிலோபைட்கூட இல்லாத ஒரு முகவரித் துண்டு.

குறுக்குவழி என்பது கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் இன்னொரு குட்டிக் கோப்பு, அவ்வளவுதான். 1991இல் மக்கின்டோஷின் சிஸ்டம் 7 இதற்கு 'ஏலியாஸ்' என்று பெயர் வைத்து, பெயரைச் சாய்வெழுத்தில் காட்டியது. 1995இல் விண்டோஸ் 95 அம்புக்குறியோடு கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. போல்டருக்குள் போல்டராகப் போய்த் தேடத் தெரியாத ஆளும் வேலையைத் தொடங்கலாம். ஒரே கணினியில் மூன்று பேர் மாறிமாறி வேலை பார்க்கும் கடைக்கு அது பெரிய உதவி.

பிழை எங்கே வந்தது? புதிய குறுக்குவழியின் பெயருக்கு முன்னால் 'இது ஷோர்ட்கட்' என்று விண்டோஸே ஆங்கிலத்தில் எழுதிவிடும். பார்க்க வடிவில்லை என்று ஆட்கள் அந்தச் சொற்களை அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது அம்புக்குறி மட்டும். அதையும் 'டுவீக் யுஐ' என்ற சின்ன மென்பொருளால் மறைத்தவர்கள் உண்டு. பிறகு எது கோப்பு, எது அதன் முகவரி என்று யாருக்குத் தெரியும்? டெஸ்க்டொப் ஐகனைப் பிடித்து இழுத்துப் புளொப்பியில் போட்டால் குறுக்குவழிதான் போகும். படங்களோடு ஓர் இதழ் ஒரு புளொப்பிக்குள் அடங்குவதே பெரும்பாடு. இதுவோ ஒரு நொடியில் போய்விடும். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐகன்களின் புரொப்பர்டீஸைத் திறந்து பார்த்தோம். எல்லா முகவரியும் டி டிரைவுக்குப் போனது. அது இரண்டாவது ஹார்ட் டிஸ்க். "அது பழுதாப் போய் எப்பவோ எறிஞ்சாச்சு" என்றார் அண்ணா. அவரில் எங்களுக்குக் கோபமில்லை. கொப்பி பண்ணினோம் என்றுதான் அவரும் இவ்வளவு காலம் நம்பியிருக்கிறார்.

எங்களில் சிலர் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவோம் என்றார்கள். நாங்கள் வேண்டாமென்று நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. டெஸ்க்டொப்பில் ஆறு ஐகன்கள். ஐந்து இதழ்தான் வந்தது என்று எல்லோரும் சொல்ல, ஆறாவதுக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. குறுக்குவழிக்குள் கோப்பின் பாதை மட்டுமல்ல, அதன் அளவும் திகதியும்கூடப் பதிந்திருக்கும். அப்படித்தான் ஆறாவது இதழ் பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டு அச்சுக்குப் போகாமலே நின்றதென்று தெரிந்தது. முதல் ஐந்தும் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அலுமாரியில் அச்சுப் பிரதியாகக் கிடைத்துவிட்டன. ஆறாவதில் யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள்? அந்தக் குட்டிக் கோப்பைத் தவிர ஒரு தடயமும் இல்லை.

ஆவணம் அழிவது என்றால் எங்களுக்கு 1981தான் ஞாபகம் வரும், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த இரவு. அது வரவேண்டிய ஞாபகம்தான். ஆனால் தீயும் பகைவனும் இல்லாமலும் அழிவு வரும். 'எங்கேயோ இருக்கு' என்ற நம்பிக்கையே போதும்.

நாங்கள் இப்போது செய்வதும் அதுதானே? நிகழ்வுப் படம், கவிதைத் தொகுப்பு, நேர்காணல் ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் வட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க். கூகுள் டிரைவும் 2020இலிருந்து ஒரே கோப்பைப் பல போல்டர்களில் வைப்பதற்குப் பதிலாகக் குறுக்குவழிதான் தருகிறது. சொந்தக்காரர் இடமில்லை என்று ஒருநாள் அழித்தால் ஐம்பது பேரிடமும் முகவரி மட்டும் மிஞ்சும். "நூலகம் தளத்தில் இருக்கும்தானே" என்பார்கள். 2005இலிருந்து தன்னார்வலர்கள் கட்டியெழுப்பிய பெரிய வேலை அது. ஆனால் யாராவது கொண்டுபோய்க் கொடுத்ததைத்தான் அவர்களாலும் ஏற்ற முடியும்.

குறுக்குவழி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள் என்கிறோம். கொப்பி பண்ணியதும் அளவைப் பாருங்கள். வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பாமினியில் அடித்ததென்றால் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் திறந்தாலும் வாசிக்க முடியாது. முக்கியமானதை இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றைத் தாளிலும் அச்சடியுங்கள். அந்த ஐந்து இதழையும் காப்பாற்றியது தாள்தான்.

ஐந்தையும் ஸ்கேன் பண்ணி முடித்துவிட்டோம். ஆறாவதின் ஐகன் இன்னும் அந்தத் திரையில் இருக்கிறது. நாங்கள் அழிக்கவில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் பழைய புளொப்பி ஏதும் கிடந்தால், எறிய முதல் ஒருக்கா எங்களிடம் காட்டுங்கள்.